குளிர் எல்லோருக்கும் ஒன்று; கட்டணமும் ஒன்றாகட்டும்
லண்டனில் மின்கார் ஓட்டும் செலவு குறித்து எங்கள் ஓட்டுநர் சங்கத்தின் நிலைப்பாடு

மின்காரை நாங்கள் ஆதரிக்கிறோம். வாசலில் கார் நிறுத்த இடம் உள்ளவருக்கு ஒரு கட்டணம், இல்லாதவருக்குப் பல மடங்கு கட்டணம் என்ற நிலையை எதிர்க்கிறோம்.

ஆதரவுக்குக் காரணம் இந்நகரின் காற்று. லூயிஷமில் 2013இல் இறந்த 9 வயதுச் சிறுமி எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ராவின் மரணத்துக்குக் காற்று மாசும் காரணம் என்று 2020இல் மரண விசாரணை தீர்ப்பளித்தது.

குளிர்காலச் செலவு கற்பனையல்ல. பெற்றோல் கார் எஞ்சினில் வீணாகும் சூட்டையே உள்ளே தருகிறது. மின்காரில் அந்தச் சூடும் பற்றரியிலிருந்தே வரவேண்டும். குளிர்ந்த பற்றரியில் உள்தடை கூடும். பிரேக் பிடிக்கும்போது மீளும் மின்சாரமும் குறையும். அமெரிக்காவின் ஏ.ஏ.ஏ. அமைப்பு 2019இல் சோதித்தபோது, மைனஸ் 7 பாகை செல்சியஸில் ஹீற்றரோடு ஓடிய கார்களின் ஓடுதூரம் சராசரியாக 41% குறைந்தது. லண்டனில் அவ்வளவு குளிர் அரிது. இழப்பும் அதைவிடக் குறைவு.

ஒரு யூனிட்டுக்குக் கோடையில் 4 மைல் ஓடும் கார் குளிரில் 3 மைல் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். 100 மைலுக்கு 25 யூனிட் போதுமாயிருந்தது 33 ஆகிறது. இரவுச் சலுகையில் யூனிட் 8 பென்ஸுக்கு வீட்டில் ஏற்றுபவருக்குக் கூடுதல் செலவு சுமார் 67 பென்ஸ். அதிவேகப் பொதுச் சார்ஜரில் 80 பென்ஸ் கொடுப்பவருக்கு அதுவே 6 பவுண் 67 பென்ஸ்.

ஈஸ்ட்ஹாமிலும் ரூட்டிங்கிலும் மாடிக் குடியிருப்புகளிலும் வரிசை வீடுகளிலும் வாழும் எங்கள் உறுப்பினர் பலர் இரண்டாவது வகையினர். லண்டனில் முதன்முறையாக உரிமம் பெறும் தனியார் வாடகைக்கார் புகையின்றியும் ஓடக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது 2023 ஜனவரி 1 முதல் விதி. விதி எல்லோருக்கும் பொது என்றால் சலுகையும் பொதுவாக வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள்:

1. வீட்டு மின்சாரத்துக்கு வற் வரி 5%; பொதுச் சார்ஜருக்கு 20% என்று வரித்துறை 2021இல் உறுதிசெய்தது. பிரபுக்கள் சபைக் குழு 2024 பெப்ரவரியில் பரிந்துரைத்தபடி அதையும் 5% ஆக்குக.

2. வீதி விளக்குக் கம்பச் சார்ஜர்களுக்கும் இரவுச் சலுகைக் கட்டணம் தருக.

3. வீட்டுக் கேபிளை நடைபாதைக்குள் பதித்துக் கொண்டுவர, கவுன்சில்கள் குறைந்த கட்டணத்தில் விரைவாக அனுமதி வழங்குக.

4. விற்பனையாளர்கள் குளிர்கால ஓடுதூரத்தையும் எழுதிக் காட்டுக. இப்போது சொல்லப்படும் தூரம், சுமார் 23 பாகை வெப்பத்தில் அளந்த சோதனையிலிருந்து வருகிறது.

மார்கழிக் குளிரில் மின்சாரத்தை மிச்சம்பிடிக்க ஹீற்றரை அணைத்துவிட்டு, விறைத்த கையோடு அடுத்த சவாரிக்குக் காத்திருக்கும் ஓட்டுநருக்காகவே இதைக் கேட்கிறோம்.