கடலுக்குப் போகும் தண்ணீர் வீணா?

மேட்டூர் அணை நிரம்பி, முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் உபரி நீர் திறக்கும்போதெல்லாம் ஒரு குரல் கேட்கிறது: “இவ்வளவு தண்ணீரும் வீணாகக் கடலுக்குப் போகிறதே!” குறுவைக்குத் தண்ணீர் இல்லாமல் தவித்த விவசாயியின் ஆதங்கம் நியாயமானது. ஆனால், ‘வீண்’ என்ற சொல் சரியல்ல.

வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் கலக்கும் இடங்களுக்கு நடுவே இருக்கிறது பிச்சாவரம் அலையாத்திக் காடு. அதன் கருஞ்சேற்றை மிதித்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அது அசுத்தமல்ல; நுண்ணுயிரிகள் வேலை செய்வதன் அடையாளம். சேற்றுக்குள் ஆக்சிஜன் கிடையாது. அங்குள்ள பாக்டீரியாக்கள், அதற்குப் பதிலாகக் கடல்நீரின் சல்பேட்டைப் பயன்படுத்தி மக்குப் பொருட்களைச் சிதைக்கின்றன. மேலே உதிர்ந்த இலைகளில் பூஞ்சையும் பாக்டீரியாவும் படர்ந்த பிறகே, அவை நண்டுக்கும் இறால் குஞ்சுக்கும் சத்தான இரையாகின்றன.

இந்தச் சேற்றில் விவசாயிக்கும் பங்குண்டு. பிச்சாவரத்தில் உப்பைத் தாங்கி வளரும் காட்டு நெல்லின் வேரிலும் தண்டிலும் ஒரு பாக்டீரியா கண்டெடுக்கப்பட்டது. அது காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக மாற்றும். கரையாத மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கும். 2004-ல் எம்.எஸ்.சுவாமிநாதனைச் சிறப்பிக்கும் வகையில் அதற்கு ‘சுவாமிநாதானியா’ என்று பெயரிட்டார்கள். உவர் நிலத்தில் நெல் நடுபவர்களுக்கான உயிர் உரங்களை இத்தகைய இடங்களில்தான் தேட வேண்டும்.

நீரோட்டம் நின்றால் என்னவாகும் என்பதையும் பிச்சாவரமே காட்டியது. மரங்களை மொத்தமாக வெட்டிய இடங்களில் தரை தாழ்ந்து, கடல்நீர் தேங்கி, வெயிலில் உப்பு ஏறியது. 1990-களில் வாய்க்கால் வெட்டி, ஓதநீர் வந்துபோக வழி செய்த பிறகே நட்ட கன்றுகள் பிழைத்தன. வாய்க்கால் கடல்நீரைக் கொண்டுவரும். உப்பை மட்டுப்படுத்தும் ஆற்று நீரை யார் கொண்டுவருவது?

தடுப்பணையே கூடாது என்பதல்ல வாதம். சில நாள் வெள்ளம் பாய்ந்துவிட்டு, கோடையில் ஆறு வறண்டு கிடப்பதுதான் பிரச்சினை. 2007-ல் காவிரி நடுவர் மன்றம் 740 டிஎம்சியைப் பங்கிட்டபோது, சுற்றுச்சூழலுக்கென 10 டிஎம்சியைத் தனியாக ஒதுக்கியது. அதில் ஒரு பகுதி கோடையில் கழிமுகம் வரை போய்ச் சேர வேண்டும். கொள்ளிடத்தில் ஏறிவரும் உப்புநீரைத் தடுக்கவும் அது உதவும். இதைக் கேட்க வேண்டியவர்கள் மீனவர்கள் மட்டுமல்ல, கடைமடை விவசாயிகளும்தான்.