முதல் நெடும்பயணத்தில் வேகம் வேண்டா

சைக்கிள் ஓட்டப் பழகிய சில மாதங்களிலேயே சேலத்திலிருந்து நாமக்கல் சென்று திரும்ப விரும்புவோர் உளர். போக வர நூறு கிலோமீட்டருக்கு மேல். வீட்டார் அஞ்சுவது இயல்பே. ஆயினும் அவர்கள் தடுக்க வேண்டியது பயணத்தையன்று, அவசரத்தையே.

நெடுந்தொலைவு ஓட்டுவோரின் 'பிரெவே' பயணங்களில் 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம் அளிக்கிறார்கள். உண்ணவும் இளைப்பாறவும் ஆகும் நேரமும் அதில் அடக்கம். முதலில் வந்தவருக்குப் பரிசில்லை. மணிக்கு 15 கிலோமீட்டர்கூட வேண்டியதில்லை. நம் பால்காரரின் வேகம்தான்.

புதியவரைத் தளர்த்துவது பெரும்பாலும் வெறும் வயிறும் வெயிலுமே. தசையிலும் கல்லீரலிலும் சேமித்துள்ள சர்க்கரை, கடும் உழைப்பில் சில மணி நேரத்தில் வற்றிவிடும். ஆகவே விடியுமுன் விளக்குடன் புறப்பட்டு, பசி எடுக்குமுன் வாழைப்பழமோ கடலைமிட்டாயோ உண்ண வேண்டும். வியர்வையில் நீரோடு உப்பும் போகிறது. உப்பிட்ட நீர்மோர் நன்று. லாரிகள் விரையும் அந்நெடுஞ்சாலையில் களைத்தபின் ஓட்டுவதைவிட, நாமக்கல்லிலிருந்து பேருந்தில் திரும்புவது மேல். அதில் இழிவொன்றுமில்லை.

இன்சுலின் செலுத்திக்கொள்வோர் மருத்துவரைக் கேட்டு அளவை மாற்றிய பின்னரே புறப்படலாம். சர்க்கரை தாழ்வதால் வரும் வியர்வையும் நடுக்கமும் வெறும் களைப்புப் போலவே தோன்றும். உடன் செல்பவர் இதை அறிந்திருக்க வேண்டும். பயணம் முடிந்த அன்றிரவு உறக்கத்திலும் சர்க்கரை தாழக்கூடும். படுக்குமுன் ஒருமுறை சோதித்துப் பார்க்குமாறு வீட்டார் வற்புறுத்துக.