பச்சைக் கம்பியைக் கடன் கொடுக்காதீர்கள்



சில மாதங்களுக்கு முன் கற்பிட்டிப் பக்கத்தில் இருக்கும் என் ராத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். குசினியில் பிரிட்ஜின் கைப்பிடியில் ஒரு துணி சுற்றிக் கட்டப்பட்டிருந்தது.

"என்ன ராத்தா, பிரிட்ஜுக்குக் காயமா?" என்று சிரித்தேன்.

"தொட்டா சுர்ருங்குது தங்கச்சி. பழசுதானே, வித்துப்போடணும்" என்றார்.

"உடுப்புக் கழுவுற மெஷின் எப்படி?"

"அதுவும் அப்படித்தான். ஈரக் கையோட தொட்டா கூடுதலா அடிக்குது. செருப்புப் போட்டுக்கிட்டுத்தான் நிக்கிறேன்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பிரிட்ஜ் பழசு, மெஷினோ வாங்கி ஒரு வருடமும் ஆகவில்லை. இரண்டும் ஒன்றாக அடிக்கிறதென்றால் குற்றம் அவற்றில் இல்லை; வீட்டு வயரிங்கில் இருக்கிறது. "எப்போதிருந்து இப்படி?" என்று துருவிக் கேட்டேன். மகன் கட்டாரிலிருந்து அனுப்பிய சாமானைச் சுவரில் பூட்டிய நாளிலிருந்துதான் என்று தெரிந்தது.

அந்தச் சாமானின் பெயர் தேர்மொஸ்டாட். அறையின் சூட்டைப் பார்த்து, குளிரூட்டியைத் தானாகவே போட்டு நிறுத்தும் கருவி. இப்போது வருவது 'ஸ்மார்ட்' வகை, கைத்தொலைபேசியிலிருந்தே கட்டளையிடலாம். அமெரிக்காவில் 2011ல் நெஸ்ட் என்ற பெயரில் வந்த ஒன்று இதைப் பிரபலமாக்கியது. மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறியதை நாம் மறக்கவில்லை. பின்னர் சில தடவை குறைக்கப்பட்டாலும், பில்லைக் கண்டால் இன்றும் நமக்குப் பயம்தான். உம்மாவின் பில் குறையட்டும் என்று பிள்ளை அனுப்பியதில் பிழை ஒன்றும் இல்லை. பிழை நடந்தது சுவருக்குள்.

அதை விளங்கிக்கொள்ள மூன்று கம்பிகளைத் தெரிந்தால் போதும். நமது பழைய வீடுகளில் சிவப்புக் கம்பி கரண்டைக் கொண்டு வருவது. கறுப்புக் கம்பி, வேலை முடிந்த கரண்ட் திரும்பிப் போகும் வழி. பச்சைக் கம்பி எர்த். அது சாதாரண நேரத்தில் எதையும் சுமப்பதில்லை. எங்காவது கசிவு ஏற்பட்டால் மட்டும் அதை மண்ணுக்குள் கொண்டு போகும். புதிய வயர்களில் இவை முறையே மண்ணிறம், நீலம், பச்சை மஞ்சள் கலந்த நிறம் என்று வரும்.

சாதாரண லைட் சுவிட்ச் வேலை செய்யச் சிவப்புக் கம்பி மட்டும் போதும். அதை வெட்டுவதும் சேர்ப்பதும்தான் அதன் வேலை. எனவே பழைய சுவிட்ச் பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் கறுப்பு இருக்காது. ஆனால் ஸ்மார்ட் கருவி எதுவானாலும், அதற்குள் ஒரு சின்ன மூளை இரவும் பகலும் விழித்திருக்கிறது. அதற்கு ஓயாமல் கொஞ்சம் கரண்ட் வேண்டும்; திரும்பிப் போகும் வழியும் வேண்டும். அமெரிக்காவின் பழைய வீடுகளிலும் இதே தொல்லை உண்டு. ஆனால் அங்கே பெரும்பாலான தேர்மொஸ்டாட்டுக்குப் போவது 24 வோல்ட். பிழையாகப் பூட்டினால் பெரும்பாலும் பியூஸ்தான் போகும். நமது சுவரில் இருப்பது 230 வோல்ட். பிழைத்தால் போவது உயிர்.

ராத்தா வீட்டில் வேலை செய்தவர் அறை வாசலில் இருந்த பழைய சுவிட்ச் பெட்டியில் கறுப்பைத் தேடியிருக்கிறார். இல்லை. கீழே இருந்த பிளக் பொயின்டிலிருந்து பச்சைக் கம்பியை இழுத்துக் கறுப்புக்குப் பதிலாகப் பூட்டிவிட்டார். கருவியில் வெளிச்சம் வந்தது. கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அனுபவமுள்ள வேறொருவரை அழைத்துப் பார்த்தோம். அவர் கண்டது ஒரு பிழையல்ல, மூன்று.

முதலாவது, நான் சொன்ன பச்சைக் கம்பி. இரண்டாவது, முற்றத்தில் அடித்திருந்த எர்த் கம்பியின் இணைப்பு துரு ஏறி, தொட்டவுடன் கழன்று கையோடு வந்தது. ஆகவே பச்சைக் கம்பியில் விட்ட கரண்ட் மண்ணுக்குப் போக வழியில்லாமல், அந்தக் கம்பியோடு சேர்ந்த பிரிட்ஜ், மெஷின் எல்லாவற்றின் உடம்பிலும் ஏறி நின்றது. ராத்தா தொட்டபோது அவர் உடம்பு வழியாக இறங்கியது. கருவி எடுக்கும் கரண்ட் மிகச் சிறிது என்பதால்தான் வெறும் சுர்ரென்று முடிந்தது. அதே நேரத்தில் ஸ்திரிக்கைப் பெட்டியிலோ மோட்டரிலோ உள்ளே ஒரு கம்பி உராய்ந்திருந்தால், முழுக் கரண்டும் பிரிட்ஜ் கதவுக்கு வந்திருக்கும்.

"அப்படி வந்தால் ட்ரிப் விழுமே" என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினார். அசையவில்லை. அதுதான் மூன்றாவது பிழை.

ட்ரிப் சுவிட்ச் என்பது ஒரு கணக்கப்பிள்ளை. போன கரண்டும் திரும்பிய கரண்டும் சரியா என்று ஓயாமல் பார்க்கிறது. வீடுகளில் பூட்டுவது 30 மில்லி அம்பியர் வகை. அந்த அளவு குறைந்தால், யாரோ ஒருவர் உடம்பு வழியாக அது போகிறது என்று எடுத்துக்கொண்டு, கண் மூடித் திறப்பதற்குள் வீட்டுக் கரண்டை வெட்டிவிடும். ஆனால் அது உயிரோடு இருக்கிறதா என்று நாம் பார்ப்பதில்லை. "அடிக்கடி விழுகுது, பெரிய கரைச்சல்" என்று அதைத் தவிர்த்து நேரடியாகக் கம்பி கொடுக்கச் சொல்பவர்களும் நம்மில் உண்டு. அது வீட்டுக் காவல்காரனின் வாயைக் கட்டிவிடுவது போன்றது.

நமது கரைக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் யன்னல் கம்பியை நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும். புத்தளத்து உப்பளங்களுக்குப் பரக்கத்தான அதே உப்புத்தான் செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பாகப் படிகிறது, ஸ்குரூவைத் துருவாக்குகிறது. நமது மணலோ வெயில் காலத்தில் வறண்டுவிடும். காய்ந்த மணலில் எர்த் சரியாகப் பிடிக்காது. கம்பி ஈரமண் வரை ஆழமாக இறங்கியிருக்க வேண்டும். இன்னொன்று, நமது வீடுகள் வளர்ந்த விதம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கு வந்த குடும்பங்கள் பலவற்றின் வீடுகள் ஓலைக் கொட்டிலாகத் தொடங்கி அறை அறையாகக் கூடியவை. அறை கூடியபோது வயரும் ஒட்டு மேல் ஒட்டாகக் கூடியது. நாட்டுக்கே வெளிச்சம் கொடுக்கும் 900 மெகாவாற் நுரைச்சோலை நிலையம் நமக்குப் பக்கத்தில்தான். ஆனால் அங்கிருந்து நம் வாசல் வரை வரும் கரண்டை வீட்டுக்குள் பத்திரமாக வைப்பது நமது பொறுப்பு.

சகோதரிகளே, நமது வீடுகள் பலவற்றில் ஆண்கள் வெளிநாட்டில், அல்லது கடலில், கடையில். வேலைக்காரர் வரும்போது வீட்டில் நிற்பது நீங்கள்தான். பிறகு அந்தச் சாமான்களை ஈரக் கையோடு தொடுவதும் நீங்கள்தான். எனவே வேலையை நீங்களே செய்ய வேண்டாம். கேள்வியை நீங்களே கேளுங்கள்.

மாதம் ஒரு தடவை ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அன்றே மாற்றுங்கள். முற்றத்து எர்த் கம்பி எங்கே என்று தெரிந்து வைத்து, அதைக் கருவி வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

புதிய சாமான் பூட்டுபவரிடம், "கறுப்புக் கம்பியை எங்கிருந்து எடுக்கிறீங்க?" என்று கேளுங்கள். "இல்லை, பச்சையில் கொடுக்கிறேன்" என்றால் வேலையை நிறுத்துங்கள். மெயின் போர்டிலிருந்து புதிய கம்பி இழுக்கச் செலவாகும். மையித்துச் செலவை விட அது குறைவு. குளிரூட்டிக்குத் தனி வயர், தனி பிரேக்கர் வேண்டும். லைட்டுக்குப் போட்ட ஒற்றை இழைக் கம்பி அதைத் தாங்காது, 7/0.67 என்று கடையில் கேட்கும் ஏழிழைக் கம்பிதான் வழக்கம். வேலை முடிந்ததும் உங்கள் முன்னால் ட்ரிப்பை விழுத்திக் காட்டச் சொல்லுங்கள். கூலி அதற்குப் பிறகு.

இரண்டு முள் சார்ஜரைச் சொருக எர்த் துளைக்குள் பேனையை விடுகிறோமே, அதையும் விட்டுவிடுங்கள். பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை நாளைக்கு இரும்பு ஆணியை விடும். யாரையாவது கரண்ட் பிடித்தால் கையால் இழுக்காதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள்.

ராத்தா வீட்டில் பச்சைக் கம்பியை அதன் இடத்திலேயே பூட்டி, புதிய எர்த் அடித்து, ட்ரிப்பும் மாற்றியாகிவிட்டது. தேர்மொஸ்டாட் பெட்டிக்குள் போய்விட்டது. அது கட்டாரில் மகன் இருக்கும் கட்டடத்தைப் போல, முழுவதற்கும் ஒரே குளிரூட்டி உள்ள இடத்துக்கு உரியது. நமது அறைக் குளிரூட்டிக்குள் தேர்மொஸ்டாட் ஏற்கனவே இருக்கிறது. ரிமோட்டில் 26 என்று வைத்து, மேலே விசிறியைச் சுழலவிட்டால் பில் குறையும். தொலைபேசியில்தான் இயக்க வேண்டுமென்றால், ரிமோட்டின் வேலையைச் செய்யும் சின்னப் பெட்டிகள் விற்கின்றன. போன் சார்ஜர் போலப் பிளக்கில் போட்டால் போதும். சுவரைத் திறக்க வேண்டியதே இல்லை.

பிரிட்ஜ் கைப்பிடியில் இப்போது துணி இல்லை. ராத்தா அதை விற்கவும் இல்லை. இன்று அஸருக்குப் பிறகு நீங்களும் ஒரு தடவை அந்தப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.