தகரத்தின் மேல் இருபது மைக்ரோன்: லயக் கூரையின் துருவுக்கு யார் பொறுப்பு?

கம்பளையிலிருந்து புசல்லாவை பக்கம் ஏறும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், ஒரே தோட்டத்துக்குச் சொந்தமான இரண்டு விதமான கூரைகளைப் பார்க்கலாம். ஒன்று தேயிலைத் தொழிற்சாலையுடையது. வெள்ளையோ வெள்ளி நிறமோ பூசி, தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும். மற்றது லயத்துடையது. துரு ஏறிச் செம்மண் நிறமாகி, காற்றில் தகரம் கிளம்பாமலிருக்க மேலே கல்லும் பழைய டயரும் ஏற்றப்பட்டிருக்கும். இரண்டிலும் விழுவது ஒரே மழை. இரண்டும் பெரும்பாலும் ஒரே உலோகம். ஒன்றுக்குப் பூச்சுப் பூச ஆள் வருகிறது, மற்றதற்கு வருவதில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இந்த மலைகளை உலுக்கிவிட்டுப் போன பிறகு கூரை மறுபடியும் பேசுபொருளாகியிருக்கிறது. நாடு முழுவதும் அறுநூறுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். மிக அதிகமான உயிர்களை இழந்தது கண்டி மாவட்டம். மகாவலி பெருகிக் கம்பளை நகரமே வெள்ளத்தில் நின்றது. அனர்த்தத்துக்குப் பிறகு தகரம் கொடுப்பது நமக்குப் பழகிய காட்சி. எத்தனை தகரம், யார் கொடுத்தார், படத்தில் யார் நின்றார் என்பதெல்லாம் செய்தியில் வரும். அந்தத் தகரத்தின் மேல் எவ்வளவு பூச்சு இருக்கிறது என்பது மட்டும் வராது. ஆனால் அது எத்தனை வருடம் தாங்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்தப் பூச்சுத்தான்.

நாம் தகரம் என்று சொல்வது உருக்குத் தகடு. அதன் இரு பக்கமும் நாகம், அதாவது துத்தநாகம், மெல்லிய படலமாக ஏற்றப்பட்டிருக்கும். உருகிய நாகத்தில் இரும்பைத் தோய்த்தெடுக்கும் இந்த முறைக்கு 1837இல் பிரான்சில் காப்புரிமை பெறப்பட்டது. நெளிதகடு அதற்குச் சில வருடங்கள் மூத்தது. இலண்டன் துறைமுகத்தில் வேலை செய்த ஹென்றி பாமர் 1829இல் அதற்குக் காப்புரிமை எடுத்தார். இரண்டும் சேர்ந்தபோது எடை குறைந்த, கப்பலில் அடுக்கக்கூடிய, யாரும் அடித்துப் பொருத்தக்கூடிய கூரை கிடைத்தது. பிரித்தானியக் குடியேற்ற நாடுகளின் தோட்டங்களுக்கு இதைவிட வசதியான பொருள் வேறு இருந்திருக்க முடியாது.

நாகம் இரும்பை மூடி மட்டும் பாதுகாப்பதில்லை. இரும்புக்கு முன்பாகத் தான் கரைந்து கொடுக்கிறது. அதனால்தான் தகட்டை வெட்டிய விளிம்பிலும், ஆணி கீறிய இடத்திலும் உடனே துரு ஏறுவதில்லை. பக்கத்திலிருக்கும் நாகம் தன்னைக் கொடுத்து அந்த இடத்தைக் காக்கிறது. சாதாரண தர விஞ்ஞானப் பாடத்தில் இதைப் படித்திருப்போம். பாடத்தில் சொல்லாமல் விட்டது, அந்த நாகம் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வி.

ஒரு சதுர மீற்றர் தகட்டில் இரு பக்கமும் சேர்த்து 275 கிராம் நாகம் இருந்தால், ஒரு பக்கத்தின் படலம் ஏறத்தாழ 20 மைக்ரோன். நம் தலைமுடியின் தடிப்பில் மூன்றிலொரு பங்குகூட இராது. 100 கிராம்தான் என்றால் 7 மைக்ரோன். வளிமண்டல அரிப்பை வகைப்படுத்தும் ஐ.எஸ்.ஓ. 9223 நியமத்தின் நடுத்தர வகுப்பில் நாகம் வருடத்துக்கு 0.7 முதல் 2.1 மைக்ரோன் வரை கரையும். கணக்குப் போட்டுப் பார்த்தால் முதல் தகடு பத்து முதல் இருபத்தெட்டு வருடம் வரை தாங்கும். இரண்டாவது மூன்று வருடத்திலும் சிவக்கலாம், நன்றாக இருந்தால் பத்து வருடம் போகலாம். கடையில் இரண்டையும் அருகருகே வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. புதிதாக இருக்கும்போது இரண்டும் ஒரேமாதிரித்தான் மின்னும்.

இப்போது அதிகம் விற்பனையாவது நிறம் பூசிய அலுமினிய-நாகத் தகடு. அதன் படலத்தில் 55 வீதம் அலுமினியம், 43 வீதத்துக்குச் சற்று மேல் நாகம், மிச்சம் சிலிக்கன். அமெரிக்காவில் 1972இல் வியாபாரத்துக்கு வந்த கலவை இது. ஒரே தடிப்பில் வெறும் நாகத்தைவிடப் பல மடங்கு உழைக்கக்கூடியது. இங்கும் கிராம் கணக்குத்தான் முக்கியம். கடைக்காரர் "பொயின்ட் ஃபோர்-செவன்" என்று சொல்வது தகட்டின் தடிப்பை மட்டும். தடித்த தகட்டிலும் மெல்லிய பூச்சு இருக்கலாம்.

கம்பளை கடலிலிருந்து தூரம். உப்புக் காற்று கிடையாது. அந்த வகையில் கொழும்பையோ மட்டக்களப்பையோவிட இங்கே தகரம் நீண்டகாலம் உழைக்க வேண்டும். உழைக்காததற்குக் காரணம் லயத்திலேயே இருக்கிறது. நாகத்தின் மேல் மழை விழுந்து, காய்ந்து, மீண்டும் நனையும்போது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டுடன் சேர்ந்து கரையாத ஒரு சாம்பல் நிறத் தோல் உருவாகும். அந்தத் தோல்தான் அடியிலுள்ள நாகத்தைக் காக்கிறது. காய இடமில்லாவிட்டால் தோல் உருவாகாது. வெள்ளைப் பொடியாக உதிரும், பிறகு துரு வரும். காற்றுக்குப் பயந்து ஏற்றிய கல்லின் அடியில் ஈரம் காய்வதேயில்லை. கூரையைக் காப்பாற்ற வைத்த கல்லே அதில் ஓட்டை போடுகிறது.

துரு கீழேயிருந்தும் வருகிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், அல்லது இஸ்தோப்பை மறைத்துக் கட்டிய குசினியில், விறகடுப்பு எரிகிறது. விறகுப் புகையில் அசற்றிக் அமிலம் உண்டு, வினாகிரியைப் புளிக்க வைப்பதும் அதுதான். இரவில் தகரம் குளிர்ந்ததும் மூச்சின் ஈரமும் சமையலின் ஈரமும் அடிப்பக்கத்தில் துளியாகப் படிந்து புகையோடு கலக்கின்றன. மேலே மழை கழுவிவிடும். கீழே கழுவ எதுவுமில்லை.

அப்படியானால் துருவே பிடிக்காத அஸ்பெஸ்டஸ் போட்டால் என்ன? பலர் அதைத்தான் போட்டார்கள். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் தரக்கூடியது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. 2018 ஜனவரி முதல் அதன் இறக்குமதியை நிறுத்துவதென மைத்திரிபால சிறிசேன காலத்து அரசாங்கம் தீர்மானித்திருந்தது. 2017 டிசம்பரில், இலங்கைத் தேயிலைப் பொதியொன்றில் கப்ரா வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா நம் தேயிலையைத் தற்காலிகமாக நிறுத்தியது. வெள்ளை அஸ்பெஸ்டஸை நமக்கு விற்கும் நாடும் ரஷ்யாதான். சில நாட்களில் கொழும்பு அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டைக் கைவிட்டது. அந்த மாத முடிவுக்குள் தேயிலைத் தடையும் நீங்கியது. வண்டுக்கும் கூரைக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது கேட்காத பத்திரிகை இல்லை. கொழுந்து பறிப்பவரின் தலைக்கு மேல் என்ன இருக்க வேண்டும் என்பது, அவர் பறித்த கொழுந்தை விற்கும் பேரத்தில் முடிவாகியது. மலையகத்தில் இது புதுமையல்ல.

ஆகவே நமக்கு மிஞ்சுவது தகரமும் அதன் பூச்சும். துரு தெரியும் முன்பே வர்ணம் பூசினால், நாகத்தின் ஆயுளையும் வர்ணத்தின் ஆயுளையும் கூட்டினால் வருவதைவிட அதிக காலம் கிடைக்கும். ஒன்று மற்றதைக் காப்பதால் வரும் இலாபம் அது. ஆனால் சாதாரண எனமல் வர்ணத்தைப் புதுத் தகரத்தில் நேரடியாகப் பூசினால் உரிந்து விழும், நாகம் வர்ணத்தின் எண்ணெயோடு சேர்ந்து சவர்க்காரம் போலாகிவிடுவதால். நாகத்துக்கென்றே உள்ள அடிப்பூச்சு தேவை. இதெல்லாம் தோட்ட நிர்வாகங்களுக்குத் தெரியாத வித்தையல்ல. தொழிற்சாலைக் கூரையில் அவர்கள் செய்துகாட்டுகிறார்கள்.

லயத்தில் ஏன் நடப்பதில்லை என்றால், பராமரிப்பு எப்போதும் உரிமையின் பின்னால் போகும். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. பிறகு குத்தகை 53 வருடமாக்கப்பட்டது, 2045இல் முடியும். காணி அரசுடையது, நிர்வாகம் கம்பனியுடையது, ஒழுக்கு மட்டும் குடியிருப்பவருடையது. தன்னுடையதல்லாத கூரைக்குத் தன் நாட்சம்பளத்தில் ஏன் வர்ணம் வாங்க வேண்டும் என்று தொழிலாளி நினைத்தால் அதில் பிழை காண முடியாது. குத்தகை முடியும் திகதியைப் பார்த்துக்கொண்டிருக்கும் கம்பனி, முப்பது வருடம் தாங்கும் தகட்டை ஏன் வாங்க வேண்டும் என்று கணக்குப் பார்ப்பதும் வியாபாரம்தான். நடுவில் அரசு இருக்கிறது. பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபைக்கு 2018இலேயே சட்டம் வந்தது. 2017 மே மாதம் நோர்வூட்டில் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் கிடைத்த இடங்களில் கூரையைப் பார்க்க ஓர் உரிமையாளர் இருக்கிறார். மற்ற இடங்களில் மாற்றுத் தகரம் இன்னும் நன்கொடையாகத்தான் வருகிறது.

நன்கொடையாகவே வரட்டும், ஆனால் கேட்டு வாங்கலாம். தகரத்துக்கு விலைமனு கோரும் பிரதேச செயலகமோ, புலம்பெயர் அமைப்போ, கோயில் சபையோ, தகடுகளின் எண்ணிக்கையோடு ஒரு வரியைச் சேர்த்தால் போதும்: வெறும் நாகமானால் சதுர மீற்றருக்கு 275 கிராம், அலுமினிய-நாகமானால் 150 கிராம். இரண்டுமே ஏறத்தாழ 20 மைக்ரோன். வந்த தகட்டை மழையில் அடுக்கி வைக்காமலிருப்பதும் அதே அளவு முக்கியம். தகடுகளுக்கு இடையில் தண்ணீர் நின்றால் கூரையேறும் முன்பே வெள்ளைத் துரு பிடித்துவிடும். ஆணிக்குப் பதிலாக இறப்பர் வளையம் வைத்த திருகாணி போட்டால் கல் ஏற்ற வேண்டிய தேவையும் குறையும்.

பெயர்பெற்ற உற்பத்தியாளர்கள் பலர் இந்த விபரத்தைத் தகட்டின் பின்புறத்திலேயே சிறிய எழுத்தில் அச்சிடுகிறார்கள். ஏ.இஸட். 150 என்றிருந்தால் அதுதான் அந்தக் கிராம் கணக்கு. ஏ.இஸட். 70 என்றிருந்தால் கிடைப்பது பாதிக்கும் குறைவு. தகரம் கையளிக்கும் நிகழ்வுக்கு அடுத்தமுறை போகும் செய்தியாளர், படம் எடுத்து முடிந்ததும் ஒரு தகட்டைத் திருப்பிப் பார்க்கலாம்.