உச்சவரம்பும் உரத்த குரலும்

கொல்கத்தாவில் 'லிமிட்டர்' என்ற சொல் இசைக்காரர்களுக்கு மட்டும் சொந்தமானதல்ல. பூஜைக் கமிட்டிக்காரர்களுக்கும் காவல் நிலையத்தாருக்கும் அது தெரியும். 1996இல் கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி பகபதி பிரசாத் பானர்ஜி, ஒலிபெருக்கிகளுக்குக் கடிவாளம் போட்டு ஓர் உத்தரவு பிறப்பித்தார். கேட்க விரும்பாதவரைக் கட்டாயப்படுத்திக் கேட்க வைக்க யாருக்கும் உரிமை இல்லை என்பது அதன் சாரம். பின்னர் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் திறந்தவெளி ஒலிபெருக்கிகளில் லிமிட்டர் பொருத்துவதைக் கட்டாயமாக்கியது. அது எந்த அளவுக்குப் பொருத்தப்படுகிறது என்பதை துர்கா பூஜை சமயத்தில் பந்தலுக்கு எதிர்வீட்டில் குடியிருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், தெருவில் சத்தத்தை அடக்க வந்த அதே லிமிட்டர், வீட்டுக்குள் கணினியில் புகுந்து சத்தத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறது.

வங்காளிகளின் வீட்டில் ஹார்மோனியம் இருப்பது நம் வீட்டில் அம்மிக்கல் இருந்ததைப் போல. ரவீந்திரநாத் தாகூரின் பாடல்களுக்கான காப்புரிமை 2001 இறுதியில் முடிந்தது. அதுவரை அவற்றைப் பதிவுசெய்து வெளியிட விஸ்வபாரதி இசைக் குழுவின் ஒப்புதல் வேண்டியிருந்தது. இன்று ஒரு மைக்கும் மடிக்கணினியும் போதும். லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும் இதில் பின்தங்கவில்லை. அவர்கள் பதிவுசெய்வது கீர்த்தனை, திருப்புகழ். பாடி முடித்ததும் கடைசி வேலை 'மாஸ்டரிங்'. அதாவது, பதிவை வெளியுலகுக்கு அனுப்பும் முன் செய்யும் ஒலிச் சீரமைப்பு. நல்ல பாட்டுகள் பல கெட்டுப்போவது இந்தக் கட்டத்தில்தான்.

இதில் இரண்டு கருவிகள் முக்கியம். ஒன்று கம்ப்ரஸர். நாம் ஓர் எல்லையைக் குறித்துக் கொடுத்தால், அதைத் தாண்டும் ஒலியை அது ஒரு விகிதத்தில் அமுக்கும். நான்குக்கு ஒன்று என்று வைத்தால், எல்லையை 8 டெசிபல் தாண்டிய ஒலி 2 டெசிபல் மட்டுமே தாண்டியதாகிவிடும். மற்றது லிமிட்டர். அதனிடம் விகிதப் பேச்சே கிடையாது. குறித்த உச்சத்துக்கு மேல் ஒலிக்கு அனுமதி இல்லை. மொழிபெயர்ப்பு என் பிழைப்பு என்பதால் இவற்றைத் தமிழாக்கிப் பார்த்தேன். 'அமுக்கி' என்பது கொஞ்சம் அவமரியாதையாகத் தொனித்தாலும் அதன் வேலையை மறைக்காமல் சொல்கிறது. 'வரம்பி' அகராதியோடு நின்றுவிடும் போலிருக்கிறது.

சூட்சுமம் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. உச்சங்களை அமுக்கியதும் மேலே இடம் காலியாகிறது. உடனே மொத்தப் பதிவையும் தூக்கி அந்த இடத்தை நிரப்பிவிடலாம். பாட்டு முழுவதும் 'கணீர்' என்று கேட்கும். கூடவே மின்விசிறி, பக்கத்து வீட்டுக் குக்கர், தெருவில் மீன் விற்பவரின் குரல் எல்லாமும் எழுந்து வரும்.

பழந்தமிழ் இசையில் மெலிவு, சமன், வலிவு என்று மூன்று நிலைகள் சொல்வார்கள். அவை தாழ்ந்த, நடுத்தர, உயர்ந்த சுருதி நிலைகளைக் குறிப்பவை. சத்தத்தின் அளவைச் சொல்பவை அல்ல. ஆனால் பெயர் வைத்தவர்களின் காது கூர்மையானது. மனிதக் குரல் கீழே போனால் மெலியும், மேலே ஏறினால் வலுக்கும். அமுக்கியை அளவுக்கு மீறிப் பிரயோகித்தால் மூன்றும் ஒன்றாகி, எல்லாமே 'சமன்' ஆகிவிடுகிறது. ஆலாபனையில் முதல் ஐந்து நிமிடம் கீழே தயங்கித் தயங்கி நின்றது, மேல் ஷட்ஜத்தைத் தொடும்போது கேட்பவருக்குச் சிலிர்க்க வேண்டும் என்பதற்காகத்தான். தயக்கத்தையும் அதே உரப்பில் கேட்டுவிட்ட பிறகு சிலிர்க்க என்ன இருக்கிறது?

இங்கே பல வருடங்களாகப் பாட்டு சொல்லிக்கொடுக்கும் ஒரு மாமியைத் தெரியும். எழுபது வயதைத் தாண்டியவர். ஒரு தட்டும் வெளியிட்டதில்லை. அவருடைய பேரன் சில கீர்த்தனைகளைப் பாடவைத்துப் பதிவுசெய்து, மென்பொருளில் சினிமாப் பாட்டுக்கென்று ஆயத்தமாக இருந்த ஓர் அமைப்பைத் தேர்ந்தெடுத்து அழுத்திவிட்டான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்ட மாமி இரண்டு நிமிடத்தில் கழற்றிவைத்தார். "ஏண்டா, தம்புராவுக்கு ஆஸ்துமாவா?" என்றார். அவர் காது பொய் சொல்லவில்லை. அவர் பாடும்போது கம்ப்ரஸர் மொத்த ஒலியையும் அமுக்குகிறது. மூச்சு வாங்க நிறுத்தியதும் பிடியை விடுகிறது. அந்த இடைவெளியில் தம்புரா குபுக்கென்று மேலே வருகிறது. பாட்டு தொடங்கினால் மறுபடி உள்ளே போகிறது. அமுக்குவதற்கும் விடுவதற்குமான நேரம் ஒலிக்கு ஒத்துவராதபோது நேரும் கோளாறு இது. மிருதங்கத்துக்கு வேறு விதமான கெடுதல். கம்ப்ரஸர் அதிவேகமாகப் பாய்ந்தால் சொல்லின் முதல் தெறிப்பை விழுங்கிவிடும். மிஞ்சுவது அட்டைப்பெட்டியைத் தட்டும் சத்தம்.

இந்த அவஸ்தைக்கு கொல்கத்தாவில் பழைய சரித்திரம் உண்டு. 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கைஸ்பெர்க் இங்கே கௌஹர் ஜானைப் பதிவுசெய்தபோது மைக் கிடையாது, கூம்புதான். தட்டில் சுமார் மூன்று நிமிடம்தான் இடம். மெதுவாகப் பாடினால் பதியாது, உரக்கப் பாடினால் ஊசி தடம் புரளும். உச்ச ஸ்வரம் வரும்போது பாடுகிறவர் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வது அக்காலத்து வழக்கம். கழுத்துதான் கம்ப்ரஸர். 1930களில் மேல்நாட்டு வானொலி நிலையங்கள் மின்சார லிமிட்டரைக் கொண்டுவந்ததும் ஒலிபரப்புக் கருவியின் தாங்கும் சக்திக்கு மேல் ஒலி போகாமல் தடுக்கத்தான். அதுவரை எல்லாமே கருவியின் ஏழ்மையால் வந்த கட்டுப்பாடு.

குறுந்தகடு வந்து ஏழ்மை தீர்ந்தது. 16 பிட் தகட்டில் 96 டெசிபல் வரை ஏற்ற இறக்கத்தை அடக்க முடியும். மனிதர்கள் அந்த வசதியை என்ன செய்தார்கள்? 1994இல் வேவ்ஸ் நிறுவனத்தின் 'எல் 1' என்ற மென்பொருள் லிமிட்டர் வந்த பிறகு, பக்கத்துத் தட்டைவிட என் தட்டு உரக்கக் கேட்க வேண்டும் என்ற போட்டி முற்றியது. 2008இல் மெட்டாலிகா குழுவின் 'டெத் மேக்னடிக்' வெளிவந்தபோது ரசிகர்களே ஒலி நசுங்கிவிட்டது என்று மனுப்போட்டார்கள். அதே பாடல்கள் ஒரு வீடியோ விளையாட்டில் நசுங்காமல் கேட்டதுதான் அவர்களுக்குக் கிடைத்த சாட்சி.

இந்தப் போட்டிக்கு இன்று அர்த்தமே இல்லை. 2006இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம், காது உணரும் உரப்பை அளக்க ஒரு முறையை வகுத்தது. 'எல்.யு.எஃப்.எஸ்.' என்ற அலகு அதைச் சார்ந்தது. ஸ்பாட்டிஃபை பாடல்களை மைனஸ் 14 என்ற அளவுக்குக் கொண்டுவந்து ஒலிக்கவிடுகிறது. யூடியூபும் ஏறக்குறைய அந்த அளவுக்கு மேல் கத்துவதைக் குறைத்துவிடுகிறது. நீங்கள் மைனஸ் 7 வரை நசுக்கி ஏற்றினாலும் அவர்கள் இறக்கிவிடுவார்கள். சத்தம் போய்விடும், நசுங்கல் மட்டும் உங்களுடையதாக நிற்கும்.

அப்படியானால் கருவிகளைத் தொடவே கூடாதா? கூடாது என்று சொல்பவர்கள் பேருந்தில் பாட்டுக் கேட்டதில்லை. மெல்லிய இடங்கள் இரைச்சலில் மூழ்காமலிருக்க ஓரளவு அமுக்கம் வேண்டும்தான். தனிக் குரலுக்கு இரண்டுக்கு ஒன்று விகிதம் தாராளம். அமுக்கத்தைக் காட்டும் முள் 3 டெசிபலுக்கு மேல் போகாதபடி எல்லையை வையுங்கள். லிமிட்டரின் உச்சம் மைனஸ் 1. அது எங்கோ ஒரு மிருதங்க அடியில் தலைகாட்டினால் போதும், பாட்டு முழுக்க உட்கார்ந்திருக்கக் கூடாது. அதற்கும் முன்னால் மின்விசிறியை நிறுத்துங்கள். கொல்கத்தா மே மாதத்தில் இது சொல்வதற்குத்தான் சுலபம்.

இன்னொரு சோதனையும் உண்டு. உரக்கக் கேட்பது எப்போதும் நன்றாக இருப்பதாகவே காது நினைக்கும். ஆகவே, அமுக்கிய பதிவின் சத்தத்தைக் குறைத்து, அமுக்காததன் அளவுக்குக் கொண்டுவந்த பிறகே இரண்டையும் ஒப்பிட வேண்டும். பேரன் அப்படிச் செய்து பார்த்துவிட்டு, மறுநாளே எல்லாவற்றையும் திரும்பச் செய்தான். செய்ய முடிந்ததற்குக் காரணம், முதலில் பதிந்த கோப்பின் மேலேயே அவன் எழுதிவிடவில்லை. நசுங்கியதைப் பழையபடி நிமிர்த்த எந்த மென்பொருளாலும் முழுமையாக முடியாது. மாமியின் அசல் பதிவுகள் இப்போது இரண்டு தனித்தனி வட்டுகளில் இருக்கின்றன. ஒன்று அவருடைய புடவை அலமாரியில்.