தாழ்வான பகுதிகளில் வசிப்போர்

2024 அக்டோபர் 16ஆம் தேதிக்குச் சென்னைக்கு ரெட் அலர்ட் விடுக்கப்பட்டிருந்தது. முந்தைய நாளே வேளச்சேரி மேம்பாலத்தின் மீது கார்கள் வரிசைகட்டி நின்றன. வண்டி மூழ்கிவிடக் கூடாதே என்று கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள் அப்படிச் செய்ததில் குற்றம் காண ஒன்றுமில்லை. ஆனால் 16ஆம் தேதி எதிர்பார்த்த மழை பெய்யவில்லை. தாழ்வு மண்டலம் 17ஆம் தேதி காலை சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்து போய்விட்டது. பள்ளிக்கு விடுமுறை, ஐ.டி. ஊழியர்களுக்கு வீட்டிலிருந்தே வேலை, மழையைக் காணோம். அப்புறம் கேட்கவா வேண்டும்? வானிலை ஆய்வு மையத்தைக் கிண்டலடிக்கும் மீம்கள் நாள்கணக்கில் ஓடின.

ஆறு வாரம் கழித்து ஃபெஞ்சல் வந்தது. புயலாகும், ஆகாது, தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்கும் என்று அறிவிப்புகள் மாறிக்கொண்டே இருந்தன. நவம்பர் 29 பிற்பகலில்தான் புயல் என்று உறுதியாகச் சொன்னார்கள். அதற்குள் 'வருமா வராதா' கேலி உச்சத்துக்குப் போயிருந்தது. 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையேறிய புயல் அங்கேயே நகராமல் நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. புதுச்சேரியிலும் கிட்டத்தட்ட அதே அளவு. அடுத்து, கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கும் ஊத்தங்கரையில் 50 செ.மீ. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கனஅடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. கேலி செய்துகொண்டிருந்த கைப்பேசிகள் அப்போது வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தன.

இந்த இரண்டு கணிப்புகளையும் அருகருகே வைத்துப் பேசும்போதெல்லாம் 'துல்லியம் போதவில்லை' என்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். பிழைக்கான விலையை யார் கொடுத்தார்கள் என்று கேட்பதில்லை. வராத மழைக்கும் ஒரு விலை உண்டு, சொல்லாமல் வந்த வெள்ளத்துக்கும் ஒரு விலை உண்டு. இரண்டையும் பெரும்பாலும் ஒரே மக்கள்தான் கொடுக்கிறார்கள். அவர்கள் மீம் போடுவதில்லை.

வானிலை விஞ்ஞானிகளைக் கழுவேற்றும் கூட்டத்தில் நான் இல்லை. புயல் எங்கே கரையேறும் என்று 24 மணி நேரத்துக்கு முன் சொல்லும் கணிப்பில், இந்திய வானிலை ஆய்வுத் துறையின் சராசரிப் பிழை இப்போது நூறு கிலோமீட்டருக்கும் கீழே வந்துவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு முன் நினைத்துப் பார்க்க முடியாத முன்னேற்றம் இது. ஆனால் சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே இருப்பது ஐம்பத்தைந்து, அறுபது கிலோமீட்டர்தான். வானியலில் சிறிய பிழை தரையில் ஒரு மாவட்டம். போதாததற்கு, ரெட் அலர்ட் என்பதை 'உன் தெருவில் கட்டாயம் வெள்ளம் வரும்' என்ற வாக்குறுதியாக நாம் எடுத்துக்கொண்டோம். 20 செ.மீ.க்கு மேல் மழை பெய்ய வாய்ப்பு உண்டு, நிர்வாகமே, களத்தில் இறங்கு என்பதுதான் அதன் பொருள். மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்பும் முதலில் ஆட்சியருக்கும் தாசில்தாருக்கும் காட்டப்படும் விளக்குகள்.

பிழை இரண்டு வகை. வராததை வரும் என்பது ஒன்று, வருவதைச் சொல்லாமல் விடுவது இன்னொன்று. ஒன்றைக் குறைக்கப் போனால் மற்றது கூடும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் என்று அறிவிக்கப்பட்டபோது குமரி மாவட்டத்து மீனவர்கள் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். கரையில் இருந்தவர்களுக்கே தாமதமாக வந்த செய்தி அவர்களை எப்படி எட்டும்? குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்து 'எங்கள் ஆட்களைத் தேடித் தா' என்று அந்த மக்கள் கேட்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு வானிலை மையம் கொஞ்சம் கூடுதலாகவே எச்சரிக்கிறது என்றால், அந்தக் கூடுதலை நான் வரவேற்கிறேன். கேள்வி அந்தக் கூடுதலுக்கு யார் காசு கொடுப்பது என்பதுதான்.

ரமணன் இயக்குநராக இருந்த காலத்தில் அவர் தொலைக்காட்சியில் தோன்றினாலே பள்ளிப் பிள்ளைகள் கும்பிட்டதாகக் கேலிப்படங்கள் வரும். அவர் 2016இல் ஓய்வு பெற்றுவிட்டார், அந்தச் சிரிப்பு மட்டும் இன்னும் இருக்கிறது. நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் சம்பளத்தோடு வரும் விடுமுறையும் சம்பளமில்லாமல் வரும் விடுமுறையும் ஒன்றல்ல. வடகிழக்குப் பருவமழைக் காலம்தான் சம்பா நடவும் களையெடுப்பும். அந்த நேரத்தில் ஒரு ரெட் அலர்ட் நாள் என்றால் கூலிக்காரருக்கு அன்று அடுப்பு யோசனையாகிவிடும். நூறு நாள் வேலைக்கு 2024-25இல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த கூலியே 319 ரூபாய். அது முழுதாகக் கைக்கு வருவதில்லை என்பது வேறு கதை.

என் முனைவர் பட்ட ஆய்வுக்காகத் தென்பெண்ணைக் கரையோரக் கிராமங்களில் சுற்றி வருகிறேன். எச்சரிக்கை வந்தும் மக்கள் ஏன் வீட்டைவிட்டு வெளியேறுவதில்லை என்பது என் கேள்விகளில் ஒன்று. 'விழிப்புணர்வு இல்லை' என்று அதிகாரிகள் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு காலனியில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மாவிடம் இதையே கேட்டேன். "மழ வரும்னு சொன்னா நம்பாம என்ன தம்பி? நம்பத்தான் செய்றோம். நம்பிட்டு எங்க போவறது?" என்றார்.

அந்த ஊரில் முகாம் என்பது ஊர்த்தெருப் பள்ளிக்கூடம். 2021 வெள்ளத்தில் காலனிக்காரர்கள் அங்கே போனபோது வகுப்பறைகளில் ஊர்க்காரர்கள் இருந்தார்கள், இவர்களுக்கு வராந்தா. சாரல் அடிக்கும் வராந்தாவில் இரண்டு ராத்திரி. கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. ஆட்டைக் கூட்டிவரக் கூடாது என்றார்கள். அந்த அம்மாவிடம் இருந்தது இரண்டு ஆடு. அவருக்குச் சேமிப்பும் காப்பீடும் அதுதான். இப்படிப் போய்வந்து, மழையும் பெய்யாமல் போனால், மறுநாள் வயலில் 'மழைக்குப் பயந்து ஓடுனீங்களே' என்ற நக்கல் வேறு. இத்தனையையும் கணக்குப் போட்டுத்தான் வெளியேறுவதில்லை என்று முடிவெடுக்கிறார்கள். ஒரு காப்பீட்டு நிறுவனம் போடும் கணக்கைவிட இது எந்த விதத்திலும் குறைந்ததல்ல. வானிலை மையத்தின் நிகழ்தகவோடு ஊரின் சாதியையும் அவர்கள் பெருக்கிப் பார்க்கிறார்கள்.

எச்சரிக்கையைக் கொண்டுபோய்ச் சேர்த்ததே ஒரு சாதி வேலையாகத்தான் இருந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். தண்டோரா போடுவது யார் வேலை என்று ஊரில் யாரும் கேட்டதில்லை, கேட்காமலே தெரியும். 2022 ஆகஸ்டில், அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு தண்டோரா முறையை நிறுத்தச் சொல்லி ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதும்வரை அது அரசு நடைமுறைதான். ஆற்றில் தண்ணீர் திறக்கிறார்கள், மேட்டுக்குப் போங்கள் என்று தெருத்தெருவாகப் பறையடித்துச் சொன்னவரின் வீடு ஆற்றுக்கு மிக அருகே இருந்தது. ஊரை எச்சரித்துவிட்டுத்தான் அவர் தன் பிள்ளைகளைத் தூக்கப் போக வேண்டும். தண்டோராவை நிறுத்தியது சரி. இப்போது ஆட்டோவில் ஒலிபெருக்கி வருகிறது. நான் பார்த்த காலனிகள் இரண்டில் அந்த ஆட்டோ தார்ச்சாலை முடியும் இடத்தோடு திரும்பிவிடுகிறது. உள்ளே போக வழியில்லை.

எச்சரிக்கை அறிவிப்புகளில் ஆண்டுதோறும் ஒரு வரி வரும்: 'தாழ்வான பகுதிகளில் வசிப்போர் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்ல வேண்டும்.' குடிசைகள் சேதமடையலாம் என்றும் கூடவே இருக்கும். அறிவியல் மொழியில் சாதியைச் சொல்ல முடியாதென்பதால் நிலவியலைச் சொல்கிறார்கள். அந்தப் பகுதிகள் தாமாகத் தாழ்ந்தவையா, தாழ்த்தப்பட்டவையா? நான் போன ஊர்களில் காலனிக்குக் கிடைத்த நிலம் ஊர் விற்க விரும்பிய நிலம். ஏரி உள்வாய், களர், வாய்க்கால் வடியும் மூலை. அப்புறம் ஊர்ச்சாலையைப் போட்ட மேலேயே போட்டு உயர்த்தினார்கள், தொகுப்பு வீடுகளின் வாசல் சாலைக்குக் கீழே போனது. மழை எங்கே பெய்யும் என்பதில் வானிலை மையம் தவறலாம். பெய்த தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்பது கர்ணத்தின் காலத்திலிருந்தே தெரிந்த சங்கதி.

அரசுக்கும் தெரியும். மழைக்காலத்தில் பாதிப்புக்குள்ளாகும் இடங்கள் என்று தமிழக அரசே 4,133 இடங்களை அடையாளம் கண்டு, மிக அதிகம், அதிகம், மிதம், குறைவு என்று தரம்பிரித்து வைத்திருக்கிறது. அப்படியானால் பட்டியலில் உள்ள இடங்கள் ஏன் ஆண்டுதோறும் அப்படியே இருக்கின்றன? சென்னையில் தீர்வு என்ற பெயரில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2015க்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்த மக்களை, பெரும்பகுதி தலித்துகளை, வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். மிக்ஜாமில் பெரும்பாக்கம் தண்ணீரில் நின்றது. நிவாரணத்திலும் படிநிலை உண்டு. மிக்ஜாமுக்குச் சென்னையில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய், ஃபெஞ்சலுக்கு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சியில் 2,000 ரூபாய்.

ஒடிசாவில் 1999 பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2013 அக்டோபரில் ஃபைலின் கரையேறுவதற்குள் கிட்டத்தட்ட பத்து லட்சம் பேரை வெளியேற்றினார்கள், இறப்பு ஐம்பதுக்குள் நின்றது. கணிப்பு மேம்பட்டது உண்மை. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் கடலோரம் நெடுக புயல் காப்பகங்கள் கட்டியிருந்தார்கள். போவதற்கு இடமிருந்தது, போனார்கள். அதே ஒடிசாவின் ஆறுகள் பற்றி 1945 நவம்பரில் கட்டாக்கில் நடந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர், அப்போது வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கர். கரை கட்டி வெள்ளத்தைத் தடுத்தால் போதும் என்ற பழைய பார்வையை அவர் ஏற்கவில்லை. அணை, பாசனம், மின்சாரம், படகுப் போக்குவரத்து எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டமிடச் சொன்னார். வெள்ளத்தை விதி என்று விட்டுவிடாமல் நிர்வாகத்தின் கேள்வியாக வைத்தார். நாம் வானிலை மையத்தோடு சண்டைபோடுவதில் அந்த நிர்வாகம் நிம்மதியாகத் தப்பித்துவிடுகிறது. சாத்தனூர் தண்ணீர் பற்றி ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு. எந்த நேரத்தில், எந்தத் தெருவுக்கு, யார் மூலம் என்பதை அதே உறுதியோடு சொல்ல வேண்டாமா?

சட்டத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 2004 சுனாமியில் நாகப்பட்டினம் பகுதி நிவாரணத்தில் தலித்துகள் ஒதுக்கப்பட்டது அப்போதே பதிவானது. அடுத்த ஆண்டு வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆம் பிரிவு, இழப்பீடும் நிவாரணமும் வழங்குவதில் சாதி, சமயம், பாலினப் பாகுபாடு கூடாது என்கிறது. நல்லது. ஆனால் அது பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிப் பேசுகிறது. எச்சரிக்கை எந்தத் தெருவரை போனது, முகாமில் யாருக்கு வகுப்பறை, யாருக்கு வராந்தா என்று தனித்துச் சொல்லவில்லை. வீட்டைவிட்டுக் கிளம்புவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது அந்த வராந்தாதான்.

எச்சரிக்கை நாளுக்குக் கூலி கொடு என்று கேட்டால் நடக்காத காரியம் என்பார்கள். மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாட்களுக்கு அரசு நிவாரணம் தருகிறதே. அது போதுமா என்பது வேறு. வேலைக்குப் போகாதே என்று அரசு சொன்னால் அந்த நாளுக்கு அரசுக்குப் பொறுப்பு உண்டு என்ற கொள்கை அங்கே ஏற்கப்பட்டுவிட்டது. ரெட் அலர்ட் விடுக்கப்பட்ட மாவட்டத்தில் விவசாயக் கூலிகளுக்கும் கட்டடத் தொழிலாளர்களுக்கும் நூறு நாள் வேலையின் ஒரு நாள் கூலியையாவது கொடுத்தால், மழை வராமல் போனாலும் யாரும் ஏமாந்தவராக மாட்டார். அடுத்த எச்சரிக்கைக்கு அந்த அம்மா கிளம்புவதற்கு ஒரு காரணம் கூடும். இன்னொரு காரணம் ஆட்டுக்கும் இடமுள்ள, காலனிப் பக்கமே கட்டப்பட்ட ஒரு காப்பகம்.

கிராமசபை அக்டோபர் 2 அன்று கூடுகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கப் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் இருக்கும். ஊருக்குப் போகும் தோழர்கள் அங்கே எழுந்து சிலவற்றைக் கேட்கலாம். 4,133 பட்டியலில் நம் ஊர் எந்தத் தரத்தில் இருக்கிறது, அணை திறந்தால் எத்தனை மணி நேரத்தில் தண்ணீர் நம் காலனிக்கு வரும், ஒலிபெருக்கி ஆட்டோ எதுவரை வரும், முகாமாகும் பள்ளிக்கூடத்தின் சாவி யாரிடம் இருக்கும். பதிலைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள். சாவிக்கு இரண்டாவது ஒன்று செய்து காலனியில் ஒருவரிடம் கொடுக்க வேண்டும் என்பதையும் அதோடு சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.