கெட்ட செய்தி முதலாளியை எட்டும் நேரம்

தொழில் தலைமை என்றதும் நம் மேடைகளும் புத்தகக் கடைகளும் ஒரே மாதிரி ஆளைத்தான் காட்டுகின்றன. துணிந்து கடன் வாங்கியவர், பத்து வருடம் கழித்து வரப்போவதை இன்றே கண்டவர், பேசினால் அரங்கத்தையே எழுந்து நிற்க வைப்பவர். இந்தக் குணங்கள் உதவாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இவை அத்தனையும் இருந்தும் தொழிலைக் கரைத்தவர்கள் உண்டு. இவற்றில் ஒன்றுகூட இல்லாமல் நாற்பது வருடம் நிறுவனத்தை நிமிர்த்தி வைத்திருந்தவர்களும் உண்டு. என் கட்சி வேறு. ஒரு தலைவர் தேறுவாரா என்று அறிய இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும்: அவருடைய ஆலையில் கெட்ட செய்தி எவ்வளவு சீக்கிரம் அவரிடம் போய்ச் சேருகிறது, சேர்ந்த பிறகு அதைச் சொன்னவர் கதி என்ன ஆகிறது. இதைச் சோதிக்க ஹார்வர்டு வரை போக வேண்டியதில்லை. பாடி லூகாஸ் நிறுத்தத்தில் இறங்கி, அம்பத்தூர் எஸ்டேட்டைத் தாண்டி ஆவடி வரை போய் வந்தாலே வேண்டிய சாட்சியங்கள் கிடைத்துவிடும்.

எஸ்டேட்டில் ஏதோ ஒரு சிஎன்சி பட்டறை, இரவு ஷிஃப்ட், மணி மூன்று என்று வைத்துக்கொள்வோம். ஆபரேட்டர் ஒரு பீஸை எடுத்து கேஜ் போட்டுப் பார்க்கிறார். உள்ளே இறங்கக் கூடாத நோ-கோ பக்கம் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடுகிறது. துளை இருபது மைக்ரான் பெரிதாகியிருக்கிறது. தலைமுடியின் தடிமனில் பாதிகூட இருக்காது. முந்தைய கேஜ் பார்த்து அரைமணி ஆகிவிட்டது, இடையில் ஓடிய முப்பது பீஸ் டிரேயில் இருக்கிறது. இப்போது அவர் மிஷினை நிறுத்தி சூப்பர்வைசரை எழுப்பலாம். ஒன்றும் நடக்காததுபோல ஆஃப்செட்டைத் திருத்திவிட்டு, அந்த முப்பதையும் நல்ல பீஸோடு கலந்துவிடலாம். அல்லது நாளைக்கு நாலு, நாளன்றைக்கு நாலு என்று சிவப்பு டப்பாவில் போட்டு, ரிஜெக்‌ஷன் கணக்கில் யார் கண்ணையும் உறுத்தாமல் கரைத்துவிடலாம். அவர் எதைச் செய்வார் என்பது அவருடைய நேர்மையைவிட, போன மாதம் இதே மாதிரி எழுந்து வந்து சொன்ன ஆளை என்ன செய்தார்கள் என்பதைப் பொறுத்தது. அந்த ஆள் மேல் மெமோ பாய்ந்திருந்தால், முப்பது பீஸும் காலை லாரியில் ஏறிவிடும். அடுத்த மாதம் வாடிக்கையாளரின் அசெம்பிளி லைன் நிற்கும்போதுதான் முதலாளிக்குச் சேதி தெரியும். அவர் அன்றைக்கு எவ்வளவு அருமையாகப் பேசினாலும் பயனில்லை.

எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் 1950-இல் ஜப்பானியத் தொழிலதிபர்களிடம் போய்ச் சொன்னதன் சாரமும் இதுதான். குறைகளில் 94 சதவீதம் அமைப்பின் குறை, அதற்கு நிர்வாகமே பொறுப்பு என்பது அவர் பின்னாளில் எழுதிய கணக்கு. அது அளந்து எடுத்த எண் அல்ல, அனுபவத்தில் சொன்ன மதிப்பீடு. அதை அவரே மறைக்கவில்லை. நிர்வாகிகளுக்கு அவர் வகுத்த பதினான்கு அம்சங்களில் ஒன்று, வேலை செய்யும் இடத்திலிருந்து பயத்தை விரட்டு என்பது. அவர் பெயரில் ஜப்பானியர் 1951-இல் ஏற்படுத்திய விருதை இந்தியாவில் முதன்முதலாக வாங்கியது மும்பையோ புனேயோ அல்ல, நம் பாடி. 1962-இல் தொடங்கிய சுந்தரம் கிளேட்டன், 1998-இல் அந்த விருதைப் பெற்றது. பிறகு 2001-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2003-இல் அம்பத்தூர் எஸ்டேட்டில் உள்ள ரானே பிரேக் லைனிங்ஸ், 2004-இல் லூகாஸ் டிவிஎஸ். சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் நான்கு நிறுவனங்கள்.

வேணு சீனிவாசன் 1979-இல் சுந்தரம் கிளேட்டன் பொறுப்புக்கு வந்தார். விருது கிடைத்தது பத்தொன்பது வருடம் கழித்து. இடையில் ஜப்பானியப் பேராசிரியர் யோஷிகாசு சுடா போன்றவர்கள் வந்து ஆலையைக் குடைந்து குடைந்து கேள்வி கேட்டார்கள். இந்தப் பயிற்சியில் மேடைக்கு உகந்தது எதுவும் கிடையாது. ஒரு குறை வந்தால் யார் செய்தது என்று கேட்பதை விட்டுவிட்டு, ஏன் நடந்தது என்று ஐந்து முறை திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். பதில் கிடைத்ததும் அந்தக் குறை மறுபடி வராதபடி வேலை முறையை மாற்ற வேண்டும். மாற்றியதை எழுதி வைக்க வேண்டும். மறுநாளும் அதே. இதை வருடக்கணக்காகச் செய்யும் பொறுமைதான் இங்கே நான் தலைமை என்று சொல்வது. இதே டிவிஎஸ் குழுமத்தின் ஒசூர் இருசக்கர வாகன ஆலை 1990 வாக்கில் கதவடைப்பு வரை போன தொழிற்சங்க மோதலையும் பார்த்தது. ஆகவே மகான்களைப் பற்றிய கதையாக இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதே அம்பத்தூரில் டன்லப் டயர் ஆலையும் இருந்தது. 1959-இல் வந்த ஆலை, அந்தக் காலத்தில் அங்கே வேலை கிடைத்தால் பெண் கொடுக்க வீடு தேடி வருவார்கள். 1980களின் நடுவில் நிறுவனம் கை மாறியது, 90களின் இறுதியில் கதவு அடைத்தது, 2005-இல் மறுபடி கை மாறியது, கடைசியில் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் கலைப்பு வழக்காக முடிந்தது. ரேடியல் டயர் போட்டி, கடன், பழைய இயந்திரங்கள் என்று காரணங்கள் பல. ஒரே காரணத்தில் எல்லாவற்றையும் கட்டித் தொங்கவிடுவது நியாயமாகாது. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாடி ஆலைகளுக்குப் போன அதே ஐடிஐ பையன்கள்தான் டன்லப்புக்கும் போனார்கள். மின்சாரமும் தண்ணீரும் சாலையும் சட்டமும் இரண்டுக்கும் ஒன்று. வேறாக இருந்தது, ஆலையின் நிலவரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் உரிமையாளருக்கு இருந்ததா என்பதுதான். சொத்தாக வாங்கியவருக்கு மிஷின் தேய்ந்த செய்தி ஒரு செய்தியே அல்ல.

டெமிங் விருது வெறும் காகித விளையாட்டு என்பார்கள் சிலர். அதில் உண்மை இருக்கிறது. ஜப்பானுக்கு வெளியே முதலில் இதை வாங்கியது புளோரிடா பவர் அண்ட் லைட் என்ற அமெரிக்க மின் நிறுவனம், 1989-இல். விருது வந்த சூட்டோடு புதிதாக வந்த தலைமை நிர்வாகி, ஊழியர்கள் படிவங்களை நிரப்பியே ஓய்ந்துபோகிறார்கள் என்று கண்டு, தர நிர்வாகத்துக்காகக் கட்டிய பெரிய அலுவலகத்தைக் கலைத்துவிட்டார். அவர் செய்தது சரி. ஆனால் அவருக்கு அது எப்படித் தெரிந்தது? ஊழியர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். கெட்ட செய்தியைக் கொண்டுவர ஏற்படுத்திய வழியே அடைத்துக்கொண்டது என்ற கெட்ட செய்தியையும் கேட்கத் தெரிந்தவர் அவர். விருதை எதிர்க்க இந்த உதாரணத்தைத் தாராளமாக எடுக்கலாம். என் வாதத்தை அது அசைக்கவில்லை.

இதைவிட வலுவானது இன்னொரு மறுப்பு. டிவிஎஸ், முருகப்பா, ரானே எல்லாம் பரம்பரைக் குடும்பங்கள். பணம் இருந்தது, லைசென்ஸ் ராஜ்யத்தில் போட்டி கிடையாது, வெளிநாட்டுக் கூட்டாளி தொழில்நுட்பம் தந்தார், இதில் தலைமை எங்கே வந்தது என்பது அது. பாதுகாப்பு இருந்தது உண்மைதான். ஆனால் அது எல்லோருக்கும் இருந்தது. பெருங்களத்தூரில் கார் செய்த ஸ்டாண்டர்டு மோட்டாருக்கும் இருந்தது. அது 1980களின் இறுதியில், சந்தை திறக்கும் முன்பே படுத்துவிட்டது. மறுபக்கம் சுரேஷ் கிருஷ்ணாவின் சுந்தரம் ஃபாஸனர்ஸ், சந்தை திறந்த 1990களில்தான் ஜெனரல் மோட்டார்ஸின் ரேடியேட்டர் மூடி ஆர்டரைப் பிடித்து, அந்த நிறுவனத்தின் சிறந்த சப்ளையர் விருதையும் அடுத்தடுத்து வாங்கியது. மூடி சின்னப் பொருள்; ஒன்று கசிந்தாலும் டெட்ராய்ட்டிலிருந்து கடிதம் வரும். பணமும் பரம்பரையும் ஆலையைத் தொடங்கித் தரும், மூடி கசிகிற செய்தியை மேலே கொண்டுவந்து தராது.

எஸ்டேட்டின் சின்ன முதலாளிகளிடம் இதையெல்லாம் சொன்னால், ஐந்து ஐந்து முறை ஏன் என்று கேட்டுக்கொண்டிருக்க நேரம் ஏது என்பார்கள். பத்துப் பேர் வேலை செய்யும் ஜாப் ஒர்க் பட்டறையில் முதலாளியே செட்டர், முதலாளியே இன்ஸ்பெக்டர், டெலிவரி வண்டியில் ஏறிப் போவதும் அவரே. மிஷினுக்கும் முதலாளிக்கும் பத்தடி தூரம். கெட்ட செய்தி வந்து சேர இதைவிட நல்ல வசதி உண்டா? ஆனால் எல்லாமே அவர் கண்ணில்தான் படவேண்டும் என்று பழகிவிட்ட இடத்தில் வேறு யாரும் எதையும் பார்ப்பதில்லை. மகள் கல்யாணத்துக்கு நாலு நாள் போனால் ரிஜெக்‌ஷன் ஏறிவிடும் பட்டறைகள் அங்கே ஏராளம்.

இந்தச் சின்ன முதலாளிகள் தங்கள் வாடிக்கையாளரிடம் கெட்ட செய்தியைச் சொல்லாமல் வாயடைத்துக் கிடப்பதற்கு அவர்கள் மட்டும் பொறுப்பல்ல, பெரிய நிறுவனங்களுக்கும் அதில் பங்குண்டு. சப்ளையர் தானாக முன்வந்து ‘போன லாட்டில் ஒரு சந்தேகம் இருக்கிறது சார்’ என்று போன் செய்தால் வருவது பெரும்பாலும் டெபிட் நோட்; ஷெட்யூலும் அடுத்த மாதம் பாதியாகும். போதாக்குறைக்கு, பழைய பில்லுக்கே பணம் வந்திருக்காது. சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். கெடு தாண்டினால், பணம் கொடுக்கும் வரை அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்ற விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தரத்தைப் பற்றி ஆண்டறிக்கையில் நான்கு பக்கம் எழுதும் தலைவர், தன் சப்ளையரின் பில் எத்தனை நாளில் பாஸ் ஆகிறது என்று தெரிந்து வைத்திருக்கிறாரா? மூன்று மாதப் பாக்கி நிற்கும் ஆளிடமிருந்து உண்மை வரும் என்று எதிர்பார்ப்பது பேராசை.

பயத்தை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகுமா என்றால், அதுவும் ஆகாது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை போன்ற அரசு ஆலைகளில் உண்மையைச் சொன்னதற்காக நிரந்தரத் தொழிலாளியை வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஆனால் 2021 அக்டோபர் வரை அந்த ஆலைகளுக்கான வாரியம் கொல்கத்தாவில் இருந்தது; கோப்பு அங்கே போய்த் திரும்ப வேண்டும். சொல்வதால் ஆபத்து இல்லை, பலனும் உடனே இல்லை என்றால் நாளடைவில் சொல்வது நின்றுவிடும். இப்போது ஏவிஎன்எல் என்ற தனி நிறுவனமாகி, தலைமையகம் ஆவடிக்கே வந்துவிட்டது. தூரம் குறைந்ததை வைத்து அதன் தலைவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

பாடி, அம்பத்தூர், பூந்தமல்லி முழுக்க இப்போது எழுந்திருக்கும் சிக்கல் டெமிங் காலத்தில் இந்த அளவுக்கு இல்லாதது. மிஷின் முன்னால் நிற்பவர்களில் பெரும்பகுதி ஒப்பந்தத் தொழிலாளர், டிரெய்னி, அப்ரண்டிஸ். பலர் ஒடிசா, பீகார், அசாமிலிருந்து வந்தவர்கள். சூப்பர்வைசருக்குத் தெரிந்த இந்தி இரவு மூன்று மணிக்கு ‘நோ-கோ இறங்குகிறது’ என்பதை விளங்கிக்கொள்ளப் போதாது. காண்ட்ராக்டர் மாறினால் வேலை போகும், எட்டு மாதத்தில் ஊருக்குத் திரும்புவோம் என்று தெரிந்த ஆளுக்கு டிரேயில் இருக்கும் முப்பது பீஸைப் பற்றி வாய் திறக்க என்ன காரணம் இருக்கிறது? ஆர்டர் ஏறி இறங்கும்போது ஆட்களைக் கூட்டிக் குறைக்க முடியாவிட்டால் தொழில் நடக்காது என்று நிர்வாகிகள் சொல்வது உண்மையே. ஆனால் கூலியில் மிச்சம் பிடித்த பணத்தோடு காதையும் சேர்த்து விற்றுவிட்டோம் என்பதை அவர்கள் கணக்கில் எழுதுவதில்லை. அடுத்த தலைமை நிர்வாகியைத் தேர்ந்தெடுக்கும் இயக்குநர் குழு, அவர் எந்தக் கல்லூரி என்று கேட்பதற்கு முன் அவர் இதுவரை நடத்திய ஆலையின் பதிவேட்டை வாங்கிப் பார்க்கலாம். தொழிலாளர்கள் தாங்களாகவே வந்து சொன்ன குறைகள் எத்தனை, அவற்றில் நிரந்தரத் தொழிலாளர் சொன்னவை எத்தனை, ஒப்பந்தத் தொழிலாளர் சொன்னவை எத்தனை, பகலில் எத்தனை, இரவில் எத்தனை என்று பிரித்துக் கேட்க வேண்டும். ஒப்பந்த ஆட்கள் நிற்கும் இரவு ஷிஃப்டில் மட்டும் குறையே இல்லை என்று அந்தப் பதிவேடு சொன்னால், அந்த விண்ணப்பத்தை ஓரமாக எடுத்து வைத்துவிடலாம்.